அஸ்வானின் முடியாத ஒபெலிஸ்க்: கிரானைட் பாறையிலிருந்து ஒற்றைக்கல் தூணைப் பிரித்தெடுக்கும் முறை, படிப்படியாக

தெற்கு எகிப்தில், நைலின் கிழக்குக் கரையில் உள்ள அஸ்வான் குவாரியில் ஒரு தூண் படுத்த நிலையில் கிடக்கிறது. நீளம் 41.75 மீட்டர். அடிமுனை 4.2 மீட்டர் சதுரம். சுற்றிலும் அகழி வெட்டியிருக்கிறார்கள். அடிப்பக்கம் மட்டும் தாய்ப்பாறையோடு ஒட்டியே இருக்கிறது. வேலை முடிந்திருந்தால் எகிப்தியர்கள் எடுத்த ஒபெலிஸ்குகளில் (மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் கூம்பாக முடியும் நாற்பக்க ஒற்றைக்கல் தூண்களில்) இதுவே மிகப் பெரியதாக இருந்திருக்கும். இன்று நிற்பவற்றில் பெரியது ரோம் நகரின் லாத்தரன் ஒபெலிஸ்க். அதன் உயரம் சுமார் 32 மீட்டர்தான்.

முடிந்த தூண்களைப் பார்த்து குவாரி வேலையைக் கற்க முடியாது. மெருகேற்றும்போது தட்டிய தடம், அளவுக்கோடு, திருத்தம் எல்லாம் அழிந்துவிடும். கைவிட்ட கல்லில்தான் அவை மிஞ்சுகின்றன. 1921-22 குளிர்காலத்தில் எகிப்தியல் ஆய்வாளர் ரெஜினால்ட் எங்கல்பாக் இதைச் சுற்றியிருந்த மணலையும் கல்தூளையும் அகற்றி, அகழியை அங்குலம் அங்குலமாக அளந்தார். அதன் பிறகு வந்த ஆய்வுகள் சில இடங்களில் அவரைத் திருத்தினாலும், அடிப்படை அளவுகள் அவருடையவையே.

தூணில் எந்த அரசரின் பெயரும் இல்லை. வழக்கமாக அரசி ஹட்செப்சுட் அல்லது மூன்றாம் துட்மோஸ் காலத்தோடு, அதாவது கி.மு. 15-ஆம் நூற்றாண்டோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ‘ஹட்செப்சுட்டின் ஒபெலிஸ்க்’ என்று உறுதியாக எழுதியிருந்தால் அதை ஒரு ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எடையை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்தக் கல்லைப் பற்றி எழுதுபவர்கள் ஆளுக்கொரு எடை சொல்வார்கள். சரிபார்ப்பது எளிது. தூண் மேலே போகப்போகக் குறுகி, உச்சிக்கூம்பு தொடங்கும் இடத்தில் சுமார் 2.5 மீட்டர் அகலம் ஆகிறது. கூம்பின் உயரம் சுமார் 4.5 மீட்டர். ஆக, தண்டின் நீளம் 37.25 மீட்டர்.

தண்டின் கன அளவு: 37.25 × (4.2² + 4.2 × 2.5 + 2.5²) ÷ 3, ஏறத்தாழ 427 கன மீட்டர். கூம்பு: 2.5² × 4.5 ÷ 3, சுமார் 9 கன மீட்டர். மொத்தம் 436. அஸ்வான் கிரானைட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 2.68 டன். பெருக்கினால் 1,168 டன். எங்கல்பாக் சொன்ன எண்ணும் இதுவே.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்று புரியும். கார்னக் கோயிலில் இன்றும் நிற்கும் ஹட்செப்சுட்டின் ஒபெலிஸ்க் சுமார் 29.5 மீட்டர், 323 டன். நீளம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. எடை மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது.

கருவிகள்: செம்பு உளி ஏன் உதவாது

அஸ்வானின் சிவப்புக் கிரானைட்டில் குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கரிய மைக்கா ஆகியவை பெரிய மணிகளாகக் கோத்துக் கிடக்கின்றன. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, செம்பு 3. செம்பைத் தட்டித் தட்டி இறுக்கினாலும், வெள்ளீயம் கலந்து வெண்கலமாக்கினாலும், இந்தக் கல்லில் உளி முனை சில அடிகளிலேயே மடங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லிலும் மணற்கல்லிலும் வெண்கல உளி நன்றாக வேலை செய்யும். எகிப்தியக் கட்டடங்களின் பெரும்பகுதி அந்தக் கற்களால் ஆனது. கிரானைட் வேறு கதை.

எனவே கல்லைக் கல்லால் நொறுக்கினார்கள். கருவி டாலரைட் என்னும் கரும்பச்சைக் கல். அதன் மணிகள் மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. கிரானைட்டைவிட அது ‘கடினம்’ என்பதைவிட, எளிதில் உடையாத உறுதி கொண்டது என்பதே சரி. கையில் பிடித்து அடிக்கும் இந்தக் கற்களைக் குண்டு என்றே இங்கே சொல்கிறேன். குவாரியில் கிடைத்தவற்றின் விட்டம் பெரும்பாலும் 12 முதல் 30 செ.மீ. வரை, சராசரி எடை சுமார் 5.5 கிலோ. நம் ஊர்க் கற்கடைகளில் ‘பிளாக் கிரானைட்’ என்று விற்பவற்றில் ஒரு பகுதி உண்மையில் டாலரைட்தான். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கனமும் நெருக்கமும் தெரியும்.

குண்டுகள் உருண்டையாக இருப்பதைப் பார்த்து, முதலில் உருட்டிச் செதுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். மூலை முனையோடு உள்ள கல்தான் வேகமாக வெட்டும். தட்டத்தட்ட ஒரு முனை மழுங்கும்; கல்லைத் திருப்பி அடுத்த முனையால் அடிப்பார்கள்; அதுவும் மழுங்கும். எல்லாப் பக்கமும் தேய்ந்தபின் மிஞ்சுவதே உருண்டை. குவாரியில் நூற்றுக்கணக்கில் கிடக்கும் உருண்டைகள் பெரும்பாலும் பயன் தீர்ந்து எறிந்தவை. பாதியாகப் பிளந்தவையும் ஏராளம்.

செம்பு ரம்பத்தை மணலோடு இழுத்தும், செம்புக் குழாயை மணலோடு சுழற்றியும் கிரானைட்டை அறுக்கவும் துளைக்கவும் எகிப்தியர்களுக்குத் தெரியும். வெட்டுவது செம்பு அல்ல, மணலில் உள்ள குவார்ட்ஸ். செம்பு அதைப் பிடித்து இழுக்கிறது, அவ்வளவே. கீசாவில் அரசர் கூஃபுவின் கிரானைட் சவப்பெட்டியில் ரம்பத் தடம் இருக்கிறது. அதையே ஏன் இங்கே செய்யவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில்: ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்க இடம் வேண்டும். பாறைக்குள் 4 மீட்டர் ஆழத்தில், 42 மீட்டர் நீளத்துக்கு அது கிடைக்காது. செம்பும் கல்லோடு சேர்ந்து தேயும். ரம்பம் பட்டறைக் கருவி. குண்டு குவாரிக் கருவி.

படி 1: பாறையைத் தேர்ந்து மேல்தோலை அகற்றுதல்

குவாரியின் மேற்பரப்பு ஆயிரமாயிரம் ஆண்டு வெயிலிலும் காற்றிலும் சிதைந்தது. அதில் தூண் எடுக்க முடியாது. நல்ல பாறை தெரியும்வரை மேலே உள்ளதைக் கழிக்க வேண்டும்.

இங்கே வேகமான வழி நெருப்பு. பாறைமீது எரிபொருளைப் பரப்பி, சுற்றிலும் மண் செங்கல்லால் அணை கட்டி வெப்பத்தை ஒரே இடத்தில் நிறுத்திக் கொளுத்துவார்கள். குவாரியில் வெந்த செங்கல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கிரானைட்டின் ஒவ்வொரு கனிமமும் வெவ்வேறு அளவில் விரிகிறது. போதாததற்கு 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறிச் சட்டென்று பருக்கிறது. மணிகளுக்கிடையே பிடிப்பு விட்டு மேல்பகுதி செதிள் செதிளாகப் பெயர்கிறது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் விரைவாக. பெயர்ந்ததைக் குண்டால் தட்டி அகற்றிவிட்டு மறுபடி நெருப்பு.

கவனிக்க வேண்டியது: நெருப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. தூணின் இறுதி முகத்துக்கு நெருக்கமாக நெருப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் நல்ல கல்லுக்குள்ளும் போய்விடும். எனவே நெருப்பைக் கழிவுப் பாறையோடு நிறுத்திவிட்டு, கடைசிப் பகுதியைக் குண்டுக்கு விட்டுவைப்பதே பாதுகாப்பான முறை.

படி 2: சோதனைக் குழிகள்

மேலே நன்றாகத் தெரியும் பாறை, நான்கு மீட்டர் கீழே எப்படி இருக்கும்? அதைப் பார்க்க ஒரே வழி, இறங்கிப் பார்ப்பது. தூண் வரப்போகும் இடத்தின் ஓரமாக, ஓர் ஆள் இறங்கும் அளவில் செங்குத்துக் குழிகளைத் தட்டி இறக்கினார்கள். குழியின் சுவரில் ஏதாவது விரிசல் ஓடுகிறதா, அது எந்தப் பக்கம் சாய்கிறது, தூணுக்குள் நுழையுமா என்று பார்க்கலாம். அகழி அந்தக் குழிகளை எட்டும்போது அவையும் அகழியின் பகுதியாகிவிடும். உழைப்பு வீண் இல்லை.

குழி காட்டுவது அது நிற்கும் இடத்தை மட்டுமே. இரண்டு குழிகளுக்கு நடுவில், தூணின் உட்புறத்தில் உள்ள விரிசலை அது காட்டாது. இந்தக் கல் தோற்றது அந்த இடைவெளியில்தான்.

படி 3: கோடு போடுதல்

மேல்முகத்தைக் குண்டால் தட்டி ஓரளவு மட்டமாக்கியபின், நடுக்கோட்டை நூல் பிடித்து இழுக்க வேண்டும். செங்காவியில் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் அளந்து விளிம்புகளைக் குறிப்பார்கள். அளவுகோல் அரச முழம். ஒரு முழம் சுமார் 52.5 செ.மீ.

விளிம்புக்கு வெளியே அகழிக்கான அகலம் சுமார் 75 செ.மீ. இதைவிடக் குறுகினால் ஆள் உட்கார்ந்து குண்டை ஓங்க முடியாது. அகலமாக்கினால் தேவையில்லாத பாறையை நொறுக்க வேண்டும். ஒவ்வொரு 10 செ.மீ. கூடுதலுக்கும் தூணைச் சுற்றி ஏறத்தாழ 40 கன மீட்டர் பாறை கூடும்.

படி 4: அகழி

மொத்த வேலையில் பெரும்பகுதி இதுதான். தடயங்களும் இங்கேதான் அதிகம்.

அகழியின் தரையைப் பாருங்கள். சமதரை இல்லை. வரிசையாகக் கிண்ணம்போல் குழிந்த பள்ளங்கள், அவற்றுக்கிடையே மழுங்கிய மேடுகள். சுவரிலும் அதே அலை மேலிருந்து கீழ்வரை தொடர்கிறது. உளியின் தடம் ஒன்றுகூட இல்லை, கூர்மையான மூலையும் இல்லை. குண்டு மூலைக்குள் நுழையாது என்பதால் எல்லாம் வளைந்தே இருக்கிறது. எகிப்தியர்களிடம் நமக்குத் தெரியாத வெட்டும் எந்திரம் இருந்தது என்று சொல்பவர்கள், இந்தக் கிண்ண வடிவத்தை எந்த எந்திரம் உண்டாக்கும் என்று சொல்வதே இல்லை.

வேலைப் பிரிப்பு இப்படி: ஓர் ஆளுக்கு அகழியின் நீளத்தில் சுமார் 60 செ.மீ., அகலத்தில் 75 செ.மீ. அந்த இடத்துக்குள்ளேயே அவர் உட்கார வேண்டும், அதையேதான் இறக்கவும் வேண்டும். ஒரு பகுதியில் அவர் இருப்பார். மற்றொரு பகுதியைத் தட்டுவார். தூளைத் தள்ளிவிட்டு இடம் மாறி உட்கார்ந்து, இதுவரை இருந்த இடத்தைத் தட்டுவார். பக்கத்து ஆளுக்கும் இவருக்கும் நடுவில் மேடு வளரும். அதை அவ்வப்போது அடித்துக் கரைக்காவிட்டால் பின்னால் கழுத்தளவு சுவராகிவிடும்.

தட்டும் விதம்:

குண்டை இரு கைகளாலும் பிடித்து நேராக மேலே தூக்கி, நேராக விட வேண்டும். எடை வேலை செய்யட்டும். கை வழிகாட்டினால் போதும்.

சாய்த்து அடித்தால் குண்டு வழுக்கும். ஆற்றல் பக்கவாட்டில் போய், குண்டின் ஓரம்தான் தெறிக்கும்.

ஒரே புள்ளியில் தொடர்ந்து அடிக்காமல் சிறுசிறு வட்டமாக நகர வேண்டும். நொறுங்கிய மணிகளுக்குப் பக்கத்தில் உள்ளவை ஏற்கெனவே தளர்ந்திருக்கும்; அடுத்த அடி அங்கே விழுந்தால் எளிதில் உதிரும்.

தூளை அடிக்கடி வாரி எடுக்க வேண்டும். கல் சில்லுசில்லாகத் தெறிப்பதில்லை, பெரும்பாலும் மாவாகிறது. அந்த மாவு ஒரு விரல் கனம் சேர்ந்தாலே அடியின் வேகத்தை விழுங்கிவிடும்.

எங்கல்பாக் தாமே குண்டெடுத்து அகழியில் தட்டிப் பார்த்தார். ஓர் ஆளின் இடத்தில் ஏறத்தாழக் கால் பங்கில் ஒரு மணி நேரம் தட்டியபோது சுமார் 5 மி.மீ. இறங்கியது. இந்த வேகத்தில் நான்கு கால் பங்குகளையும் 5 மி.மீ. இறக்க நான்கு மணி நேரம். 12 மணி நேர வேலைநாளில் 15 மி.மீ. தூணின் பருமன் 4.2 மீட்டர் ஆழம் இறங்க 280 நாள். பழகிய கை இதைவிட வேகமாகப் போகும், 8 மி.மீ. என்று வைத்தால் 175 நாள். அடிப்பக்கத்தைக் குடையும் ஆழம் இதற்கு மேல்.

ஆட்களைக் கூட்டினால் வேகம் கூடுமா? கூடாது. தூணைச் சுற்றி அகழியின் நீளம் சுமார் 91 மீட்டர். ஆளுக்கு 60 செ.மீ. என்றால் ஒரே நேரத்தில் 150 பேர்தான் இறங்க முடியும். ஆயிரம் பேரை அனுப்பினாலும் மீதிப் பேர் மேலே நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஆள் மாற்றி ஆள் இறக்கிச் சோர்வைக் குறைக்கலாம், தூள் கூடைகளைத் தூக்கலாம், அவ்வளவே. காலத்தைத் தீர்மானிப்பது ஆழம்.

மேற்பார்வை எப்படி நடந்தது என்பதற்கும் தடயம் இருக்கிறது. அகழிச் சுவரில் செங்காவியால் செங்குத்துக் கோடுகள் இறங்குகின்றன. தூக்குநூல் பிடித்துப் போட்டவை. யாருடைய பங்கு எங்கே முடிகிறது என்பதையும், சுவர் நேராக இறங்குகிறதா என்பதையும் ஒரே கோடு காட்டிவிடும். ஆழத்தை முழக்கோலால் அளந்து குறித்த அடையாளங்களும் உண்டு. பின்தங்கியவர் யார் என்பது கண்காணிக்குச் சுவரிலேயே தெரிந்திருக்கும்.

கிரானைட் தூளில் சிலிக்கா அதிகம். காற்று அசையாத, தோளை உரசும் அகழியில் மாதக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். இன்று இதைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் கல்லை ஈரப்படுத்தி, தகுந்த முகமூடியும் கண்ணாடியும் அணிந்தே தட்ட வேண்டும். இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள டாலரைட் துண்டு போதும். கையுறை இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது.

படி 5: அடிப்பக்கம் குடைதல் (இங்கே நடக்கவில்லை)

இந்தத் தூணில் வேலை இந்தக் கட்டத்துக்கு வரவில்லை. ஆனால் அதே குவாரியில் சிறிய தூண்கள் எடுக்கப்பட்ட இடங்களைப் பார்த்து முறையை அறியலாம்.

அகழியைத் தூணின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்கி, இரு பக்கமிருந்தும் கிடையாகக் குடைவார்கள். இங்கே குண்டின் எடை உதவாது; பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும், இடமும் குறைவு. வேகம் பாதிக்கும் கீழே போகும். குடைந்த இடத்தில் உடனுக்குடன் கல்லும் மரமும் இறுக்கி அணை கொடுக்க வேண்டும். நடுவில் மிஞ்சும் முதுகெலும்பு போன்ற மேடு மெலிந்தபின் நெம்புகோலால் அசைத்து முறிப்பார்கள்.

அணை ஏன் நெடுக வேண்டும் என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். இந்தத் தூணை இரு முனைகளில் மட்டும் தாங்கினால், நடுவில் கீழ்ப்பக்கத்தைப் பிரிக்கப் பார்க்கும் இழுவிசை சுமார் 10 மெகாபாஸ்கல் (தகைவின் அலகு) ஆகும். அழுத்தத்துக்கு அசையாத கிரானைட் இழுவிசையில் பலவீனமானது; சாதாரணமாக 7 முதல் 20 மெகாபாஸ்கலுக்குள் முறியும். அதாவது வெடிப்பே இல்லாத கல்கூட விளிம்பில் நிற்கும். இந்த இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு வளரும். பருமனைக் கூட்டினால் நேர்விகிதத்தில் மட்டுமே குறையும். ஒரே வடிவத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் ஆபத்தும் இரண்டு மடங்கு.

என்ன தவறியது

விரிசல். கருவியோ ஆளோ திறமையோ குறைந்ததற்கு இங்கே எந்த அறிகுறியும் இல்லை.

கிரானைட் பூமிக்கடியில் பெரும் அழுத்தத்தில் உறைந்த கல். மேலே இருந்த பாறை காலப்போக்கில் அரித்துப் போனதும், அழுத்தம் தளர்ந்து கல் விரிகிறது; இணைகோடுகளாக விரிசல்கள் ஓடுகின்றன. சில வாய்திறந்து தெரியும். சில மயிரிழை அளவில் மூடியே கிடக்கும். அகழி வெட்டும்போது பக்கவாட்டு அழுத்தமும் போவதால், மூடிக் கிடந்தவை திறக்கலாம். எனவே ‘முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா?’ என்று பொறுப்பாளரைக் குறை சொல்வது நியாயமில்லை.

விரிசல் தெரிந்ததும் வேலையை உடனே விட்டுவிடவில்லை. என்ன செய்தார்கள் என்பது கல்லிலேயே வரிசையாக இருக்கிறது:

முதலில், விரிசலின் நெடுக்காகக் குண்டால் தட்டிப் பள்ளம் தோண்டினார்கள். மேலோட்டமான விரிசல் என்றால் சில விரற்கடையில் நின்றுவிடும். முகத்தைச் சற்று இறக்கித் தப்பிக்கலாம்.

அது நிற்கவில்லை என்று தெரிந்ததும், தூணின் அளவைக் குறைத்தார்கள். மேல்முகத்தில் பெரிய வடிவத்துக்குள்ளேயே சிறிய ஒபெலிஸ்க் ஒன்றின் கோடுகள் இன்றும் தெரிகின்றன. கெட்ட பகுதிகளை ஒதுக்கி, நல்ல கல்லுக்குள் அடங்கும் அளவுக்கு மறுபடி வரைந்திருக்கிறார்கள்.

அந்தச் சிறிய வடிவத்துக்குள்ளும் விரிசல்கள் வந்தன. அதோடு நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் சிறியதாக்கி எடுத்திருக்கலாமே என்றால், எடுத்திருக்கலாம். ஆனால் அந்த அளவுக்குத் தூண் வேண்டுமென்றால் பக்கத்தில் புதிதாகத் தொடங்குவதே லாபம். இங்கே அகழி ஏற்கெனவே பெரிய தூணுக்காக விரிந்துவிட்டது. சிறிய தூணை எட்ட நடுவில் மீதமுள்ள கல்லையும் நொறுக்க வேண்டும். அதைவிட, விரிசல் உள்ள கல் குடையும்போது முறியலாம், இழுக்கும்போது முறியலாம், நிறுத்தும் கடைசி நாளில்கூட முறியலாம். கைவிடும் முடிவை எவ்வளவு சீக்கிரம் எடுத்தார்களோ அவ்வளவு உழைப்பு மிச்சம். அந்த வகையில் இது திறமையான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

முடிந்திருந்தால் அடுத்து என்ன

வெளியே எடுப்பது. 1,168 டன்னை நான்கு மீட்டர் ஆழக் குழியிலிருந்து மேலே தூக்குவதைவிட, தாழ்ந்த பக்கத்துப் பாறையை வெட்டி அகற்றி வழி திறப்பது எளிது. அதுவும் குண்டு வேலைதான். இன்னும் பல மாதங்கள்.

இழுப்பது. மரச் சறுக்கு வண்டி, கயிறு, ஈரமாக்கிய தடம். டெய்ர் எல்-பெர்ஷாவில் ஜெஹுதிஹோடெப் கல்லறை ஓவியத்தில் 172 பேர் ஒரு பெரும் சிலையை இழுக்கிறார்கள். வண்டியின் முன்னால் ஒருவர் நீர் ஊற்றுகிறார். சரியான அளவு ஈரமான மணலில் வண்டியை இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறையும் என்று 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் காட்டினார்கள். அதிகம் ஊற்றினால் பலன் போய்விடும். அந்தச் சிலையின் எடையை 58 டன் என்று மதிப்பிடுகிறார்கள். ஆளுக்கு சுமார் 337 கிலோ. அதே விகிதத்தில் ஹட்செப்சுட்டின் ஒரு தூணுக்கு சுமார் 960 பேர், இந்தத் தூணுக்கு சுமார் 3,500 பேர். இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுக்கக் கயிறு நீள வேண்டும், பாதை நேராக நீள வேண்டும். குவாரியில் அது இல்லை.

ஆற்றில். முதலாம் துட்மோஸின் இரண்டு ஒபெலிஸ்குகளுக்காக 120 முழ நீளம், 40 முழ அகலம் (சுமார் 63 × 21 மீட்டர்) கொண்ட படகு கட்டியதாக இனேனி என்ற அதிகாரியின் கல்லறைக் கல்வெட்டு சொல்கிறது. ஹட்செப்சுட்டின் டெய்ர் எல்-பஹ்ரி கோயில் புடைப்போவியத்தில் ஹட்செப்சுட்டின் இரண்டு தூண்களும் ஒரே படகில் போகின்றன. மூன்று வரிசையாக 27 துடுப்புப் படகுகள் அதை இழுக்கின்றன. கார்னக்கில் அவருடைய தூணின் பீடக் கல்வெட்டு, ஆட்சியின் 15-ஆம் ஆண்டு குளிர்ப்பருவத்தின் 2-ஆம் மாதம் முதல் நாள் தொடங்கி, 16-ஆம் ஆண்டு கோடைப்பருவத்தின் 4-ஆம் மாதம் கடைசி நாள்வரை, மலையிலிருந்து வெட்ட ஏழு மாதம் ஆனது என்கிறது. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அந்தத் தூண்களின் பருமன் இதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். பழகிய கையின் வேகத்தில் அகழிக்கு மூன்றரை மாதம், குடைவதற்கு மீதி. ஏழு மாதம் நம்பத்தக்க எண்ணே.

முகத்தைத் திருத்துவது. சிறிய குண்டுகளால் தட்டி, செங்காவி பூசிய சமதளப் பலகையை முகத்தில் வைத்து எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். அதை மட்டும் தட்ட வேண்டும். மறுபடி பலகை. சிவப்பு எங்கும் பரவலாக ஒட்டும்வரை இதே சுற்று. பிறகு மணலும் தேய்ப்புக்கல்லும்.

நிறுத்துவது. பீடத்தின் மேல்முகத்தில் ஒரு விளிம்பை ஒட்டிப் பள்ளக் கோடு வெட்டியிருப்பார்கள். தூணின் அடி விளிம்பு அதில் சிக்கிச் சுழன்று நிமிரும். சரிவுமேட்டில் ஏற்றி, மணல் நிரப்பிய குழிக்குள் மணலைச் சிறிது சிறிதாக எடுத்துத் தூணை இறக்கினார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1999-ல் அமெரிக்காவில் 25 டன் தூணை இந்த முறையில் நிறுத்திக் காட்டினார்கள்.

இடத்தில் பார்க்கும்போது

குவாரி இப்போது திறந்தவெளி அருங்காட்சியகம். காலையிலோ மாலையிலோ போங்கள். வெயில் சாய்ந்து விழும்போதுதான் குண்டுத் தடங்கள் நிழலோடு தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், நிழலும் கிடையாது.

முதலில் அடிமுனையருகே நின்று அகழியின் அகலத்தை உங்கள் தோளோடு ஒப்பிடுங்கள். பிறகு தரையின் கிண்ணப் பள்ளங்களை எண்ணிக்கொண்டே நடந்தால் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் இடம் என்பது புரியும். அடுத்து விரிசல்கள், அவற்றின் நெடுக்காகத் தட்டிய பள்ளங்கள். மேலிருந்து பார்க்கும்போது சிறிய தூணுக்கான கோடுகளைத் தேடுங்கள்; தெரியவில்லை என்றால் வழிகாட்டியைக் கேளுங்கள். தூண் எடுத்துப்போன வெற்றுப் படுக்கைகளில், முறித்த மேட்டின் எச்சத்தைப் பார்க்கலாம்.

சுற்றுப் பாறைகளில் வரிசையாகச் சதுரமான ஆப்புக் குழிகளும் இருக்கின்றன. ‘மர ஆப்பு இறக்கி, தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிளந்தார்கள்’ என்று வழிகாட்டிகள் இவற்றைக் காட்டியே சொல்வார்கள். இந்தக் குழிகள் பல நூற்றாண்டு பிந்தியவை; இரும்புக் கருவி பரவியபின், பெரும்பாலும் தாலமி, ரோமானியர் காலக் குவாரிக்காரர்கள் வெட்டியவை. கூர்மையான உள்மூலையோடு கிரானைட்டில் குழி வெட்ட இரும்பு உளி வேண்டும். குழியின் மூலை கூராக இருந்தால் பிற்காலம், வளைந்து மழுங்கியிருந்தால் குண்டு வேலை என்று பிரித்துக்கொண்டு பார்த்தால் குவாரியில் எது எந்தக் காலத்தது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.